கட்சர் ஜெயனிக்குப் பொன்னாடை வேண்டாம்

கழுத்துப் பட்டியை இறுக்கி, நேரத்தை அதைவிட இறுக்கிப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருக்கும் கழகத் தலைவர் திரு. தியாகலிங்கம் அவர்களே! பேஸ்போல் என்றால் என்னவென்று இன்னும் யாரிடமும் கேட்காமல், புன்னகையாலேயே சமாளித்துக்கொண்டிருக்கும் பிரதம விருந்தினர் டாக்டர் குணசீலன் அவர்களே! கோடை முழுவதும் ஞாயிறுதோறும் மடக்குக் கதிரையும் மரக்கறி ரோல்ஸும் சுமந்து வந்த தாய்மாரே! வெற்றி பெற்றால் 'நாங்கள்' என்றும் தோற்றால் 'அவங்கள்' என்றும் சொல்லும் பெரியோரே! கடைசிக் கதிரையில் கையைக் கட்டிக்கொண்டு, இந்த மனிதன் எப்போது முடிப்பான் என்று பார்த்துக்கொண்டிருக்கும் எங்கள் கட்சர் ஜெயனி அவர்களே! உங்கள் அனைவருக்கும் என் கைகூப்பு.

முதலில் என் மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் என் மனைவி சொல்லிவிடுவார்.

ஒன்பது வருடங்களுக்கு முன்னர் முதன்முதலாக இவர்களின் ஆட்டம் பார்க்கப் போனேன். நான் சாதாரணதரப் பரீட்சையை இரண்டு முறை எழுதியவன். கிரிக்கெட்டைத் தவிர வேறெதிலும் சித்தியடையாதவன். எதிரணிக்காரன் ஓங்கி அடித்தான். பந்து பின்பக்கமாக எழும்பி, வலையைத் தாண்டி, என் தலைக்கு மேலால் போய்த் தெருவில் விழுந்தது. நான் கதிரையில் ஏறி நின்று, "சிக்ஸர்!" என்று கத்தி, துவாயைச் சுழற்றி ஆடினேன். மைதானமே திரும்பிப் பார்த்தது. அடிப்பவனுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிக்கும் கட்சர் ஜெயனியும் முகமூடியை உயர்த்திக்கொண்டு திரும்பினார்.

"அண்ணை, அது அவையின்ர அடி. அதுவும் பிழையான அடி. ரெண்டு பிழைக்கும் சேர்த்து ஒரு ஆட்டமோ? இருங்கோ."

இருந்தேன். அன்று இருந்தவன்தான். இந்த ஒன்பது வருடங்களும் அந்த வலைக்குப் பின்னால், அதே இடத்தில் இருக்கிறேன்.

ஏன் இருக்கிறோம்? நாம் எல்லோரும் ஏன் அந்த வலைக்குப் பின்னால் போய்க் குந்துகிறோம்? பந்தை அடிப்பவனைப் பார்க்கவா? எறிபவனைப் பார்க்கவா? இல்லை! மண்ணில் மண்டியிட்டு, மார்பில் மோதலை வாங்கி, முகமூடிக்குள் மூச்சு வாங்கி, எல்லோரும் முன்னே பார்க்கும்போது ஒட்டுமொத்த மைதானத்தையும் தன் கண்ணுக்குள் வைத்திருக்கும் அந்த ஒருத்தியைப் பார்க்க! அவர் குந்தியவுடன் நாங்கள் கம்பி வலையில் கையால் தட்டுவோமே, தட் தட் தட் என்று, அது யாருக்கு? எங்கள் தலைவருக்கா?

என்ன தம்பி, பின்வரிசையில்? "தலைவருக்குத் தட்டினால் நித்திரையால எழும்பிவிடுவாரோ?" நல்லாய்ச் சிரியுங்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் சிரிப்பு வராது.

பதினாறு கோடை! டாக்டர் ஐயா, உங்களுக்காகச் சொல்கிறேன், பதினாறு கோடை. டோர்வல் விமான நிலையத்தில் கிழமைக்கு ஐந்து நாள் ஊரார் பெட்டி தூக்கும் முதுகு அது. ஞாயிறு வந்தால் அந்த முதுகை வளைத்து மணிக்கணக்காகக் குந்தியிருப்பார். சின்னவிரல் முறிந்த அன்று என்ன செய்தார்? ஆஸ்பத்திரிக்குப் போனாரா? முனைக் கடையில் கறுப்பு ஒட்டுநாடா வாங்குவித்து, முறிந்த விரலைப் பக்கத்து விரலோடு சுற்றிக் கட்டிவிட்டு, "அதுக்கும் ஒரு துணை வேணும்தானே" என்று சொல்லித் திரும்பக் குந்தினார். பயந்து போயிருந்த நாங்கள் சிரித்தோம். சிரித்துக்கொண்டே அழுதோம்.

மூன்று வருடத்துக்கு முந்திய இறுதியாட்டம்! அம்மா, நீங்கள் தலையாட்டுகிறீர்கள், கண்டிருக்கிறீர்கள். நாங்கள் ஒரு ஓட்டம் முன்னுக்கு. எதிரணியில் ஒருவன், குளிர்சாதனப் பெட்டிக்குக் கால் முளைத்த மாதிரி ஒருவன், மூன்றாம் தளத்திலிருந்து புறப்பட்டு வருகிறான். வந்து ஜெயனியின் காலடியில் இருக்கும் தட்டைத் தொட்டால் ஆட்டம் சமன். பந்து ஜெயனியின் கைக்குள் வந்துவிட்டது, அவனும் வந்துவிட்டான். விலத்தினாரா? மோதினான்! முகமூடி ஒரு பக்கம், சப்பாத்து ஒரு பக்கம், புழுதி எழும்பி இருவரையும் மூடிவிட்டது. நாங்கள் வலையைப் பிடித்தபடி மூச்சு விடவில்லை. புழுதி அடங்கியது. ஜெயனி கையுறையைத் திறந்து காட்டினார். உள்ளே பந்து! நடுவர் கையை உயர்த்தினார். அவன் நிலத்தில் மல்லாந்து கிடக்கிறான். இவர் அவன் முகத்துக்கு நேரே குனிந்து, பிரெஞ்சில் ஒரே ஒரு வணக்கம் சொன்னார்: "பொன்ஜூர்."

தட்டுங்கள்! நன்றாகத் தட்டுங்கள்! ஏனென்றால் இனிமேல் நான் சொல்லப்போவதற்குத் தட்ட முடியாது.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவரை விலத்த வேண்டுமென்றால் நாங்கள் திட்டமாட்டோம். சண்டை பிடிக்கமாட்டோம். முகத்துக்கு நேரே 'வேண்டாம்' என்று சொல்லவே மாட்டோம். பொன்னாடை போர்த்துவோம்! ஒரு படம் எடுப்போம். 'கௌரவ ஆலோசகர்' என்று ஒரு பட்டம் கொடுப்போம். அடுத்த நாள் அந்த ஆலோசகரிடம் நேரம் என்ன என்றுகூடக் கேட்கமாட்டோம்!

இந்த அழைப்பிதழைப் பாருங்கள். மூன்றாம் பக்கம், பொன் எழுத்து. "கழகத்தின் கௌரவ ஆலோசகர் ஜெயனி." யாரைக் கேட்டுப் போட்டீர்கள்? தான் இனிமேல் கட்சர் இல்லை என்ற செய்தியை அந்த மனுசி எங்கே அறிந்தார்? கூட்டத்திலா? தொலைபேசியிலா? வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, இந்த அழைப்பிதழைப் பிரித்து அறிந்தார்! பதினாறு வருடம் முகத்துக்கு நேரே பந்து வாங்கியவருக்கு, முதுகுக்குப் பின்னால் ஒரு முடிவு! வெட்கமாக இல்லையா எங்களுக்கு?

தலைவர் அவர்களே, தெரியும், இது வாழ்த்துரைதான். வாழ்த்திக்கொண்டுதான் இருக்கிறேன். இருங்கள்.

என்ன காரணமாம்? "அவாவுக்கு வாய் கூட." "அவா பெடியளை வெருட்டுறா." நிர்வாகக் குழுவில் ஒன்பது பேர், நானும் அதில் ஒரு கதிரை தேய்ப்பவன். ஜெயனியை விலத்தச் சம்மதமா என்று ஒன்பது கடதாசித் துண்டுகள். ஏழில் 'சம்மதம்'. இரண்டில் 'சம்மதமில்லை'. பெயர் இல்லை, கையெழுத்து இல்லை. ஒருவரை அனுப்பும்போதாவது அவர் கண்ணைப் பார்த்து அனுப்பத் துணிவில்லாத துண்டுகள்! தன் முகமூடியைக் கழற்றிவிட்டு எங்கள் எல்லோர் முகத்தையும் பார்த்துக் கதைப்பவர் அவர். முகமூடி போட்டவர்கள் நாங்கள்!

வெருட்டுகிறாராம். ஓம், வெருட்டுவார். என் மகன் சாரங்கனையே வெருட்டினார். அதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறான், இருபத்தொரு வயது, எங்கள் பிச்சர், பந்து எறிபவன். இந்தக் கோடையில் ஒரு நாள் நான்கு பந்தும் நாற்பது திசைக்குப் போயின. தளங்கள் மூன்றிலும் எதிரணி. பெடியனின் கண் கலங்கிவிட்டது. ஜெயனி எழும்பி நடந்து போனார். நாங்கள் எல்லோரும் கேட்கச் சொன்னார்:

"தம்பி, அழுறதெண்டால் எறிஞ்சு முடிச்சிட்டு அழு. ஒருத்தருக்கும் தெரியாமல் அழுறதுக்கு முகமூடி என்னட்டைத்தான் இருக்கு."

ஊர் சிரித்தது. பெற்ற நான் கடிந்து ஒரு சொல் சொல்லாத பிள்ளையை ஊர் பார்க்க இப்படிச் சொல்வதா? அதன் பிறகு கோடை முடியும்வரை நான் அவருக்கு முகம் கொடுக்கவில்லை. அவர் வணக்கம் சொன்னால் நான் ரோல்ஸைப் பார்த்தேன்.

நேற்று முன்தினம் இந்த அழைப்பிதழ் வீட்டுக்கு வந்தது. சாரங்கன் வாசித்தான். சப்பாத்துக் கழற்றவில்லை, வாசலிலேயே நின்றான். "அப்பா, அண்டைக்கு அவா அப்பிடிச் சொல்லேக்க நான் பந்தைப் போட்டிட்டுப் போக வெளிக்கிட்டனான். பேந்து சிரிப்பு வந்திட்டுது. அதாலதான் நிண்டனான்" என்றான். பிறகு சொன்னான்: "அவா இல்லாட்டி நான் எறியேல்லை. வேற ஆளைப் பாக்கச் சொல்லுங்கோ."

கேட்டீர்களா? வெருட்டப்பட்டவன் சொல்கிறான்! பெடியள் சொல்கிறார்கள் என்று எங்கள் ஏழு துண்டுகளும் சொல்லின. எந்தப் பெடியன் சொன்னான்? எழும்பட்டும்! சாரங்கன் இல்லை. டனிஸ்ரன் இல்லை. றொக்சன், நீயா சொன்னாய்? பாருங்கள், தலையை எப்படி ஆட்டுகிறான்! அப்படியானால் வெருண்டது யார்? பெடியளா, பெற்றவர்களா?

இந்தப் பொன்னாடையை நான்தான் போர்த்த வேண்டுமாம். நிகழ்ச்சிநிரலில் இருக்கிறது. போர்த்தமாட்டேன்! மடித்துவிட்டேன், மேசையில் வைக்கிறேன். குந்துவதற்கு முழங்கால் இருக்கும் ஒருவருக்குக் கதிரை எதற்கு? இன்னும் பந்து பிடிக்கும் கைக்குப் பட்டம் எதற்கு? ஜெயனி, நீங்களே சொல்லுங்கள்.

அவருக்கு மைக்கைக் கொடுங்கள்... வேண்டாமாம். இருந்த இடத்திலிருந்தே சொல்கிறார், நான் திருப்பிச் சொல்கிறேன், பின்வரிசை கேட்கட்டும்: "அண்ணை, எனக்கு ஆலோசனை சொல்ல வராது. பந்து பிடிக்கத்தான் வரும். நீங்கள் கெதியாய் முடியுங்கோ, விடிய அஞ்சு மணிக்கு எனக்கு வேலை."

தலைவர் சொல்கிறார், இதை வருகிற பொதுக்கூட்டத்தில் ஆறுதலாகக் கதைக்கலாமாம். ஆறுதல்! யாருக்கு ஆறுதல்? இதைவிடப் பொதுவான கூட்டம் வேறெங்கே? இருநூறு பேர் சாப்பிடாமல் இருக்கிறோம். துண்டு வேண்டாம், கடதாசி வேண்டாம், அடுத்த கோடையும் ஜெயனிதான் எங்கள் கட்சர் என்பவர்கள் கையைத் தூக்குங்கள்!

ஐயோ... டாக்டர் ஐயாவும் தூக்குகிறார்! "எனக்கு ரூல்ஸ் தெரியாதுங்க, ஆனா இவங்க ஆடணும்" என்கிறார். தாய்மாரே, இரண்டு கை தூக்கினால் ஒன்றாகத்தான் எண்ணுவோம். தலைவர் அவர்களே, பாருங்கள், நன்றாகப் பாருங்கள். என்ன? சத்தமாகச் சொல்லுங்கள், மைக் இங்கே! "சரியப்பா, சரி. ஜெயனிதான்." கேட்டதா? எல்லோருக்கும் கேட்டதா? பதிவு செய்துகொள்ளுங்கள்!

வாழ்த்துரை கேட்டீர்கள், வசவுரை தந்துவிட்டேன். பொறுத்த தலைவருக்கு நன்றி. தூக்கிய கைகளுக்கெல்லாம் நன்றி. சமைத்து ஆறவிட்டுக் காத்திருப்பவர்களுக்கு மன்னிப்போடு நன்றி. வலைக்குப் பின்னால் சந்திப்போம் உறவுகளே, வணக்கம்!

*

இவ்வளவும் பேசி, வியர்த்து, மேடையை விட்டு இறங்கினேன். சாரங்கன் வந்து கட்டிப்பிடித்தான். பெரிய பெடியன், பத்து வருடத்துக்குப் பிறகு எல்லோர் முன்னிலையிலும் கட்டிப்பிடித்தான்.

"அப்பா, சம்மதமில்லை எண்டு எழுதின ரெண்டில ஒண்டு உங்கட எண்டு எனக்கு அப்பவே தெரியும்" என்றான்.

நான் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தேன். என்னுடைய துண்டு ஏழில் ஒன்று என்று சொல்லவில்லை.