சாம்பல் பெட்டி, கறுப்புப் பெட்டி

நாள் முழுக்க நின்றுகொண்டே பார்க்கிற வேலைக்குக் குதிகால் உயர்ந்த செருப்பு ஆகாது. சேர்ந்த புதிதில் எனக்கு அது தெரியவில்லை. முதல் வாரத்திலேயே கால் வீங்கிவிட்டது.

பெரிய கடை. மேல்மாடியில் மின்சாதனப் பிரிவு. குளிர்சாதனப் பெட்டிகளைத் தாண்டிப் போனால் ஓரமாக வீடியோ கேம் மேசைகள் இருக்கும். ஒரு மேசை எங்கள் நிறுவனத்துடையது. எங்கள் பெட்டி சாம்பல் நிறம். விளையாட்டு கேசட்டில் வரும். மேலே செருகி அழுத்தினால் போதும், அடுத்த நொடி திரையில் ஓடும். எதிர் மேசையில் போட்டி நிறுவனத்தின் பெட்டி. அது கறுப்பு. விளையாட்டு சிடியில் வரும். படம் தெளிவாக இருக்கும், பாட்டு நன்றாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னால் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பை யாரும் ஒரு குறையாகச் சொல்வதில்லை. எனக்கு அது புரிந்ததே இல்லை.

நான் இயற்பியல் படித்தவள். வருகிறவர்களுக்கு விளையாடிக் காட்டி, பெட்டியைப் பற்றி எடுத்துச் சொல்வது என் வேலை. விளையாடுவேன். எடுத்துச் சொல்ல வராது. யாராவது முகத்தைப் பார்த்துக் கேட்டால் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

எதிர் மேசைக்காரன் வாயால் பிழைக்கிறவன். என் பக்கம் ஒரு பிள்ளை நின்றால் அங்கிருந்தே குரல் கொடுப்பான்.

"தம்பி, அது உங்க தாத்தா விளையாடுன பெட்டிடா. கேசட் ஓடலைன்னா அடுப்பு ஊதுற மாதிரி ஊதணும். உனக்கு மூச்சு இருக்கா?"

பிள்ளை சிரித்துக்கொண்டே அங்கே போய்விடும். ஒருநாள் கூட்டத்துக்கு நடுவில் என்னைக் காட்டி, "அந்த டிவில ம்யூட் பட்டன் சிக்கிக்கிச்சு போல, யாராச்சும் தட்டி விடுங்கப்பா" என்றான். அன்றிலிருந்து கடையில் என் பெயர் ம்யூட். காசாளர் அக்காவும் அப்படித்தான் கூப்பிட்டார். மேலாளர் கூப்பிடவில்லை, ஆனால் சிரித்தார்.

அந்த மேலாளர்தான் சொன்னார்: "ரெண்டு பெட்டிக்கு இங்க இடம் கிடையாதும்மா. லீவு சீசன் முடியட்டும். எது வித்துப் போகுதோ அது நிக்கட்டும்."

இப்போது வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். அக்காவும் அவள் மகனும் நானும் ஒரே வீட்டில் இருந்தோம். அக்காவுக்கு அச்சகத்தில் வேலை. மகனை நாங்கள் எறும்பு என்போம். ஓர் இடத்தில் நிற்க மாட்டான், சர்க்கரை டப்பாவை எங்கே வைத்தாலும் கண்டுபிடித்துவிடுவான். பழகுவதற்காக நிறுவனம் எனக்கு ஒரு சாம்பல் பெட்டி கொடுத்திருந்தது. எறும்பு என்னைவிட நன்றாக விளையாடுவான். "சித்தி, தள்ளுங்க, நீங்க செத்துடுவீங்க" என்று கையிலிருந்து பிடுங்கிக்கொள்வான்.

ஒரு மாலை அப்படி விளையாடும்போதுதான் முதல் தடவை விழுந்தான். எதிரியின் கோட்டை வெடிக்கிற இடம். திரை முழுவதும் வெள்ளையும் கறுப்புமாக மாறி மாறி வெட்டும். அவன் கைகால் இழுத்துக்கொண்டது. அக்கா சமையலறையில் இருந்தாள். அவள் ஓடி வருவதற்குள் நான் பெட்டியை அணைத்து, கட்டிலுக்கு அடியில் தள்ளி, தொலைக்காட்சியில் கார்ட்டூன் வைத்துவிட்டேன். அவனைத் தூக்குவதற்கு முன்பே அதைச் செய்துவிட்டேன். கை தானாகப் போயிற்று.

மருத்துவர் என்ன பார்த்துக்கொண்டிருந்தான் என்று கேட்டார். கார்ட்டூன் என்றேன்.

"சில பிள்ளைங்களுக்கு வெட்டி வெட்டி வர்ற வெளிச்சம் ஒத்துக்காது. மாத்திரைய ஒரு வேளைகூட விடாதீங்க. டிவி, கேம் எதுவும் வேணாம்."

வெளியே வந்ததும் அக்கா கேட்டாள்: "ஏய், உன் பெட்டியால இல்லையே?"

"இல்லக்கா."

அவள் நம்பினாள். நான் பொய் சொல்லி அவள் பார்த்ததில்லை. தொலைக்காட்சியைப் படுக்கை விரிப்பால் மூடிவிட்டாள். எறும்பு அந்த விரிப்பின் முன்னால் உட்கார்ந்து விரல்களை மட்டும் அசைத்துக்கொண்டிருப்பான்.

சீசனில் கறுப்புப் பெட்டி பறந்தது. எங்களுடையது அடுக்கியபடியே இருந்தது. திங்கட்கிழமை என் மேசையை எடுத்துவிடுவதாக மேலாளர் சொன்னார். மேசை போனால் என் வேலையும் போகும். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், வேலையைப் பற்றி நான் அவ்வளவாக நினைக்கவில்லை. அந்தப் பெட்டி தோற்கக் கூடாது என்று நினைத்தேன். அது நல்ல பெட்டி. அதற்காகப் பேச ஒரு வாயில்லை, அவ்வளவுதான்.

எதிரே நின்று பார்த்துப் பார்த்து அவர்களுடைய விளையாட்டுகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். விண்கலச் சண்டை ஒன்று உண்டு. அதில் ஓர் இடத்தில் திரை எப்படி மின்னும் என்று எனக்குத் தெரியும். எறும்பு விழுந்த அன்று வீட்டில் பார்த்த அதே மின்னல், இன்னும் பெரிய திரையில்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு அவசர வேலை வந்தது. எறும்பை என்னோடு கடைக்குக் கூட்டிப்போக அக்கா சொன்னாள் என்று உங்கள் போலீஸ் அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். தவறு. அக்கா பக்கத்து வீட்டில் விடுவதாகத்தான் இருந்தாள். நான்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன். மாத்திரையை அவள் என் கைப்பையில் வைத்தாள்.

கடையில் எறும்பை நேராக எதிர் மேசைக்குக் கூட்டிப்போனேன். எதிர் மேசைக்காரனுக்கு வாயெல்லாம் பல். "எல்லாரும் பாத்துக்குங்க. எதிர்க்கடை வீட்டுப் பிள்ளையே நம்மகிட்டதான் வந்து நிக்குது."

எறும்பு என் சுடிதாரைப் பிடித்துக்கொண்டான். "சித்தி, அம்மா திட்டுவாங்க."

"நான் சொல்லிக்கிறேன், நீ விளையாடு."

விண்கலச் சிடியை நான் விரலால் காட்டினேன். மேசைக்காரன் போட்டுக் கொடுத்தான். உட்கார ஸ்டூலும் அவனே கொண்டுவந்தான். எறும்பு பல நாள் பசி கிடந்தவன் மாதிரி விளையாடினான். அந்த மனிதன் பையனின் தோளில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குனிந்து முகத்தைப் பார்த்தான்.

"ஏங்க, பையன் மூஞ்சி ஒரு மாதிரி இருக்கே. போதும்டா தம்பி, எந்திரி. போய்த் தண்ணி குடி."

அதுவரை நான் அவனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. அப்போது பேசினேன்.

"விடுங்க. விளையாடட்டும்."

"அட, ம்யூட் பேசிருச்சுப்பா" என்று அவன் சிரித்தான். என்னைப் பேச வைத்த சந்தோஷத்தில் ஒலியைக்கூட ஏற்றி வைத்தான்.

அந்த இடம் வந்தது. எறும்பு ஸ்டூலோடு சாய்ந்தான். தலை மேசை விளிம்பில் பட்டது.

அவனைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடியது எதிர் மேசைக்காரன். நான் பின்னால் போகவில்லை. என் மேசையில் ஓர் அம்மாவும் மகளும் நின்றிருந்தார்கள். பயந்துபோய் இருந்தார்கள். அவர்களுக்கு எங்கள் பெட்டியை விளக்கினேன். அன்று எனக்குத் தொண்டை அடைக்கவில்லை.

மருத்துவமனையில் எறும்பு கண் திறக்கவேயில்லை. மாத்திரை கொடுத்தாயா என்று அக்கா கேட்டபோது மறந்துவிட்டேன் என்றேன். மறக்கவில்லை. காலையிலிருந்து என் கை இரண்டு தடவை அந்த மாத்திரையைத் தொட்டது. சாவான் என்று நான் நினைக்கவில்லை. விழுவான் என்று மட்டும்தான் கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு சரியாகவே வந்தது.

எதிர் மேசைக்காரனைக் கடையில் இருந்தவர்கள் அடித்தார்கள். அவனை நீங்கள் உள்ளே வைத்திருப்பதும் தெரியும். அவனை விட்டுவிடுங்கள். அவன் ஸ்டூல் கொடுத்தான், பையனை எழுந்திருக்கச் சொன்னான். வேறு எதுவும் செய்யவில்லை.

ஆனால் நான் வந்தது அவனுக்காக இல்லை. இன்று காலைப் பத்திரிகையைப் பார்த்தேன். 'உயிரைக் குடித்த வீடியோ கேம்' என்று போட்டு, கீழே எங்கள் சாம்பல் பெட்டியின் படத்தை அச்சடித்திருக்கிறார்கள். வாங்கிப் போனவர்கள் எல்லாம் திருப்பிக் கொடுக்க வரிசையில் நிற்கிறார்களாம். கறுப்புப் பெட்டியின் பெயர்கூட அதில் இல்லை.

அதனால்தான் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்கிறேன். அவன் விழுவான் என்று தெரிந்தே கூட்டிப்போனேன். தெரிந்தே மாத்திரையைக் கொடுக்காமல் வைத்திருந்தேன். எழுந்திருக்கச் சொல்லியும் அவனை உட்கார வைத்தேன். எங்கே கையெழுத்து வேண்டுமோ போட்டுத் தருகிறேன்.

முதல் தடவை வீட்டில் விழுந்தானே என்று கேட்கிறீர்கள். அன்று அவனுக்கு லேசாகக் காய்ச்சல் இருந்தது. சரியாகச் சாப்பிடவும் இல்லை. அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பத்திரிகைக்காரர்களிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், எங்கள் பெட்டியால் இதுவரை ஒரு குழந்தைக்கும் ஒன்றும் ஆனதில்லை.