ராத்தாவுக்கு இடித்த சிப்பிப் பொடி

சிப்பி இடிக்கும்போது வாயைத் துணியால் கட்டிக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் தூசி தொண்டையில் இறங்கிக் கரகரக்கும். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை என்பதால் எனக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

நஸீர் மச்சான் கத்தாரில் சீனக்காரர்களோடு கட்டட வேலையில் கம்பி கட்டியவர். காத்தான்குடிக்குத் திரும்பும்போது வைத்தியராகத் திரும்பினார். எங்கள் வழக்கப்படி வீடு மூத்த மகளான முப்லிஹா ராத்தாவுக்கு. அதனால் அவள் புருஷனுடைய சீன மருந்துக் கடை எங்கள் முன்னறையிலேயே வந்தது. சீனாவில் படித்த வைத்தியர்கள் நாடி பார்த்து, சிப்பி ஓட்டை வேறு மருந்துகளோடு அவித்து, படபடப்புக்கும் நித்திரைக்கும் கொடுப்பார்களாம். மச்சானுக்கு அதில் சிப்பி மட்டும்தான் ஞாபகம் இருந்தது. வாவிக்கரையில் பொறுக்கி, லேசாகச் சுட்டு, இடிக்கும்படி என்னிடம் தருவார். பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவளுக்கு அது தகுந்த வேலை என்று வீட்டில் நினைத்தார்கள்.

ராத்தாவுக்கு நெஞ்சில் கோளாறு. மாத்திரை, எங்கள் பேச்சில் குளிசை, ஒருநாளும் தவறக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் கண்டித்துச் சொல்லியிருந்தார்கள். மச்சான் குளிசையை நிறுத்தச் சொன்னார். சிப்பியோடு சேர்ந்தால் மருந்து முறிந்துவிடுமாம். ராத்தா என்னைக் குசினிக்குள் அடுப்புப் பக்கமாகக் கூட்டிப்போனாள். உம்மாவும் அங்கே நின்றா.

"குளிசைய இடிச்சு பொடிக்குள்ள போட்டுத் தா புள்ள. அவரும் சந்தோசமா இருக்கட்டும், நானும் மௌத்தாகாம இருக்கன்."

போட்டுக் கொடுத்தேன். ராத்தா நன்றாகவே இருந்தாள். அதைப் பார்த்து ஏறாவூரிலிருந்தும் ஓட்டமாவடியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அவர்களில் படிப்பிக்கிறவர்களும் இருந்தார்கள். மச்சான் ராத்தாவைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்துவார்.

"பாருங்க எங்கட வீட்டுக்காரிய. ஒரு குளிசை இல்ல, எல்லாம் சிப்பிதான். இடிக்கிறது நம்மட ஊமச்சி. அதால தொழில் ரகசியமும் வெளிய போகா."

சிரிப்பார்கள். அதை நான் பொருட்படுத்தவில்லை. ஆனால் ஒருநாள் ராத்தாவே, "சும்மா சொல்லக்கூடா புள்ள, சிப்பியிலயும் என்னமோ இரிக்கி" என்றாள். நான் குளிசை கலந்து கொடுத்த பொடியை விழுங்கிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

பொய்யைப் பொய் என்று காட்ட வாய் திறக்கத்தான் வேண்டும் என்றில்லை. நான் குளிசை போடுவதை நிறுத்தினேன். பொடி அதே வெள்ளையாகவே இருந்தது. சில நாட்களில் முற்றம் கூட்டவே ராத்தாவுக்கு மூச்சு வாங்கியது. "குளிசை போட்டதானே?" என்று கேட்டாள். தலையாட்டினேன். மச்சான் பொடியின் அளவைக் கூட்டச் சொன்னார். கூட்டினேன். ஒரு வெள்ளிக்கிழமை, மச்சான் ஜும்ஆவுக்குப் போயிருந்த நேரம், ராத்தா போய்விட்டாள்.

ஜனாஸா வீட்டில் யாராவது ஒருவர் விளங்கிக்கொள்வார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தவர்கள் அல்லாஹ்வின் நாட்டம் என்றார்கள். பொடியைப் பிந்தித் தொடங்கியதுதான் பிழை என்றார் மச்சான். அதற்கும் தலையாட்டினார்கள். அவ்வளவு தெளிவாகக் காட்டியும் ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை.

இப்போது உம்மாவுக்கு நித்திரை இல்லை. மச்சான் பொடி கொடுக்கிறார். உம்மா தன் பிரஷர் குளிசைகளை என்னிடம் தந்தா.

"மருமகன்ட மனம் நோகக்கூடா மகள். ராத்தாவுக்குச் செஞ்ச மாதிரி எனக்கும் செஞ்சு தா."

ஓம் என்றேன். அப்படியேதான் செய்கிறேன். இந்தத் தடவையாவது அவர்களுக்கு விளங்கும்.