சரிவில் வைத்த இரண்டு கூம்புகள்

இரண்டு சிவப்புக் கூம்புகளுக்கு நடுவே மாட்டுகிற மஞ்சள் கறுப்புக் கம்பி வெறும் பிளாஸ்டிக்தான். ஒரு கிலோகூட இருக்காது. இரு முனையிலும் வளையம் உண்டு, கூம்பின் தலையில் செருகிவிட்டால் முடிந்தது. பூட்டு இல்லை, ஆணி இல்லை. ஐந்து வயதுப் பிள்ளை ஒற்றைக் கையால் தூக்கிப் போட்டுவிடும். முதலில் இதை என் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்கு அறுபத்து நான்கு வயது. பதினாறு வயதில் டோக்கியோவுக்கு சிமெண்டு மூட்டை தூக்க வந்தேன். இடுப்பு போன பிறகு காவல் சீருடை. தோண்டிப்போட்ட ரோட்டோரங்களில் இருபத்தாறு வருடம் விளக்குக் கோலோடு நின்று, "சிரமத்துக்கு மன்னிக்கணும், இந்தப் பக்கமா வாங்க" என்று குனிந்து வணங்கியிருக்கிறேன். ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை.

பேய் பூத வேடம் போட்டு ஊரே ஆடுகிற ஹாலோவீன் இரவில், கராசு சரிவில் காவல் எனக்குப் போன வருடம் நான்காவது தடவை. மேலே ரயில் நிலையத்தில் இறங்குகிற கூட்டம் அந்தச் சரிவு வழியாகத்தான் கீழே கடைவீதிக்குப் போகும். ஏழு பேர் தோளோடு தோள் நின்றால் அடைந்துவிடும். பாதிச் சரிவில் இடது கைப் பக்கம் ஒரு சந்து பிரிந்து கோயிலின் வண்டி நிறுத்தத்துக்குப் போகிறது. நெரிசல் கண்டால் கூட்டத்தை அதில் திருப்ப வேண்டும். வியாபாரிகள் சங்கம் கொடுத்த வரைபடத்தில் அதைப் பச்சை மையில் போட்டிருந்தார்கள்.

மறுநாள் காலையில் அந்தச் சரிவை ஒருதடவை கழுவியிருந்தால் என்னை உங்களுக்குப் புரியும். வாந்தி, உடைந்த பாட்டில், பொய்ப் பல், பொய் ரத்தம். கோயில் வாசலில் எலும்புக்கூடு உடுப்பில் ஒருவன் மூத்திரம் பெய்தான். தடுத்தேன்.

"செத்தவனுக்கு என்னய்யா வெட்கம், போவியா" என்றான். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். நான் குனிந்துவிட்டு வந்துவிட்டேன்.

போன செப்டம்பரில் சங்கம் கூடியபோது இந்த ஹாலோவீனை நிறுத்திவிடுங்கள் என்று சங்கச் செயலாளர் குசுமோதோவிடம் சொன்னேன்.

"எதைச் சொல்லிண்ணே நிறுத்தறது? இத்தனை வருஷத்துல ஒருத்தனுக்குக் கால் பிசகியிருக்கா?"

என்னோடு வேலை செய்கிற தொகுனாகா பல்லைக் குத்திக்கொண்டே, "அண்ணன் செத்தாக்கூட பெட்டியைச் சுத்திக் கூம்பு வச்சிட்டுத்தான் படுப்பாரு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் செயலாளர் சொன்னதையே யோசித்துக்கொண்டிருந்தேன். நான்கைந்து கால் பிசகினால் போதும் என்று எனக்குப் பட்டது. அதற்கு மேல் நான் ஆசைப்படவில்லை.

ஹாலோவீன் அன்று மாலை ஐந்து மணிக்குத் தேனீ வேடத்தில் ஒரு பெண் வந்தாள். மினோவா சயோ, இருபத்திரண்டு வயது. பெயர் பிறகுதான் தெரிந்தது. ரயிலில் மற்றவர்கள் முகம் சுளிக்கக் கூடாதென்று வேடத்துக்கு மேலே நீளக் கோட்டு போட்டுக்கொண்டு வந்தவள். இடுப்பில் குப்பைக்கென்று ஒரு பை. வழியில் கிடந்ததையும் பொறுக்கி அதில் போட்டிருந்தாள்.

"பெரியப்பா, இந்தக் கொடுக்கு பஞ்சுதான். ஆனாலும் கூட்டத்துல யாரையாவது குத்துமோ?"

"குத்தாது, போம்மா."

"நாங்க ஆடுறோம், நீங்க நிக்கிறீங்க. இந்தாங்க, சூடா இருக்கு." டப்பாவில் தேநீர். "எந்தப் பக்கம் போகட்டும்?"

"சரிவுலயே நேரா."

தேநீர் குடித்தேன். சுற்றுவட்டாரத்தில் குப்பைத் தொட்டி கிடையாது. டப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவித்தான் போட்டேன்.

ஆறு மணிக்குச் சந்தின் வாயில் இரண்டு கூம்பு வைத்துக் கம்பியை மாட்டினேன். 'செல்லத் தடை. உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி' என்ற பலகையை அதில் தொங்கவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். ஆறரைக்குக் கீழே சிக்னலில் கூட்டம் தேங்கியது. எல்லா வருடமும் தேங்குவதுதான். அடியில் நின்ற தொகுனாகா வாக்கி டாக்கியில் கூப்பிட்டான்.

"அண்ணே, இங்க அடைச்சிக்கிச்சு. சந்துல திருப்பி விடுங்க."

"சரி" என்றேன்.

அந்த நேரத்தில் சரிவின் பாதியில் இன்னும் கையை அசைக்க இடம் இருந்தது. பேய் வேடம் போட்ட ஒருவர் கம்பியில் கை வைத்தார். பக்கத்தில், நிலையம் வரை போய்விட்டு மறுபடியும் இறங்கி வந்த அந்தத் தேனீப் பெண்.

"போகக் கூடாதுன்னு போட்டிருக்குங்க" என்றாள் அவள். பிறகு என்னைப் பார்த்தாள். "அப்படித்தானே, பெரியப்பா?"

நான் குனிந்தேன். "ஒத்துழைப்புக்கு நன்றி."

அவர், "அடடா, கவனிக்கலை, மன்னிச்சுக்குங்க" என்று கையை எடுத்துக்கொண்டார். இருவரும் மற்றவர்களோடு கீழே இறங்கினார்கள்.

கீழே சிக்னல் பக்கம் நடந்த நெரிசலில் பதினொரு பேருக்குக் கை கால் முறிந்தது. அந்தப் பெண் மட்டும் நின்ற நிலையிலேயே மூச்சு முட்டி இறந்துபோனாள். அவள் பையிலிருந்த குப்பை கீழே சிந்தவில்லை. எல்லோரையும் தூக்கிப்போன பிறகு கீழேயிருந்து சந்துக்குத் திரும்பி வந்து பார்த்தேன். கூம்புகள் வைத்த இடத்திலேயே இருந்தன.

இந்த வருடம் ஹாலோவீனுக்கே தடை போட்டுவிட்டார்கள். நவம்பர் முதல் தேதி காலையில் போய்ப் பார்த்தேன். சரிவு சுத்தமாக இருந்தது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சந்தின் வாயைப் பூட்டினாயா என்று கேட்டீர்கள். பூட்டவில்லை. யார் வேண்டுமானாலும் அந்தக் கம்பியைத் தூக்கியிருக்கலாம். இருபத்தாறு வருடத்தில், நான் பக்கத்தில் நிற்கும்போது, ஒருவர்கூடத் தூக்கி நான் பார்த்ததில்லை. அதனால்தான் பூட்டு தேவைப்படவில்லை.