யாரு மூத்தவ?

வாயத் தொறக்காத கண்ணு, தொறந்தா வந்துரும். இந்தா, இந்த எலுமிச்சம்பழத்த நகத்தால கீறி மூக்குகிட்ட வெச்சுக்க. கண்ண மூடாத. எதிர்ல தெரியற மலையப் பாரு. அட, பள்ளத்தப் பாக்காதன்னா, மலையப் பாரு. ஆங், அப்படித்தான். நீ பேசவே வேண்டாம், நான் பேசறேன், தலைய மட்டும் ஆட்டு. பேச்சக் கேட்டுட்டே எறங்குனா கொமட்டல் தெரியாது. எனக்கும் இன்னைக்கு யாருகிட்டயாச்சும் பேசிட்டே போனாத்தான் ஆவும்.

அருவி பாக்க வந்தியாக்கும்? படியில எறங்கி ஏறுனதுல முட்டி கழண்டிருக்குமே. ரெண்டு நாளைக்கு அப்படித்தான் இருக்கும், நல்லெண்ணெய் போட்டு நீவி விடு.

நானா? நாமக்கல்லு. கோர்ட்டுக்குப் போறேன். ஏன் கண்ணு இப்படி முழிக்கற, வெட்டு குத்து ஒண்ணுமில்ல. டீச்சர் வேலைக்கு நடக்கற கேசு. எம்மவ சுகுணாவுக்கு. முன்னால பாரு, டிரைவருக்குப் பின்னால, பச்சச் சேலை. அதான் எம்மவ. ஜன்னலோரத்துல மஞ்ச சுடிதாரு இருக்குதுல்ல, அது சுசித்ரா. எங்க அடுத்த ஊட்டுப் புள்ள. அவதான் எங்க மேல கேசு போட்டவ.

ஆமா, ரெண்டும் ஒரே சீட்டுலதான் உக்காந்திருக்குது. வேறென்ன பண்ண? மலை மேல எங்க தேவனூர் நாட்டு ஊருல இருந்து செம்மேடு வந்து, அங்க இந்த பஸ்ஸ விட்டா கோர்ட்டு நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. கேசு போட்டவளும் இதுலதான், வாங்கிக் கட்டிக்கிட்டவளும் இதுலதான். ஏறிப் பாத்தா அங்க ரெண்டு எடம், உம்பக்கத்துல ஒண்ணு. நான் ஓடியாந்து இங்க உக்காந்துட்டேன். நடுவுல ஒரு கட்டைப்பைய நட்டு வெச்சிருக்காளுங்க பாரு, அதான் எல்லைக்கல்லு.

என்ன சண்டைன்னு சொன்னா நீ சிரிப்ப. சிரி, நல்லது. ஒலகத்துல பொம்பளைங்க வயசக் கொறச்சுத்தான் சொல்லுவாங்க. இவளுங்க ரெண்டு பேரும் நாந்தான் மூத்தவ, நாந்தான் மூத்தவன்னு ஜட்ஜையா முன்னால நின்னு அடிச்சுக்கறாளுங்க.

எங்க ஊருப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு டீச்சர் வேலை வந்துச்சு. மலைக்காரங்களுக்குன்னே ஒதுக்குனது. ரெண்டு பேரும் பரீட்சை எழுதுனாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே மார்க்கு, அரை மார்க்குகூட முன்னப்பின்ன இல்ல. மார்க்கு ஒண்ணா வந்தா வயசுல மூத்தவளுக்குக் குடுக்கணுமாம். சரின்னு சர்டிபிகேட்ட எடுத்துப் பாத்தா, பொறந்த தேதியும் ஒண்ணு! மாசம் ஒண்ணு, வருசம் ஒண்ணு. ரெட்டப் புள்ளைங்களான்னு ஆபீசுல கேட்டாங்களாம். அதுக்கு மட்டும் ரெண்டும் ஒத்துமையா இல்லீங்க சார்னு கத்துனாளுங்களாம்.

அது எப்படியா? எங்க பக்கமெல்லாம் அப்ப ஊட்டுலதான பிரசவம், தேதி யாரு பாத்தா. பள்ளிக்கூடத்துல சேத்தறப்ப அப்ப இருந்த பெரிய வாத்தியாரு வலது கையத் தலைக்கு மேல போட்டு எடது காதத் தொடச் சொல்லுவாரு. தொட்டுட்டா அஞ்சு வயசு, தொடாட்டி அடுத்த வருசம் வா. தொட்ட புள்ளைங்க அத்தனைக்கும் வரிசையா ஒரே தேதி எழுதிட்டாரு. எங்க ஊருல அந்த வருசத்துப் புள்ளைங்களுக்கெல்லாம் ஒரே நாள்ல பொறந்த நாளு வரும். ஊரே சேந்து ஒரே நாள்ல பெத்துப்போட்ட மாதிரி.

பிடிச்சுக்க, பிடிச்சுக்க, வளைவு. இந்த டிரைவருக்கு ஊட்டுல என்ன கோவமோ. பழத்த நல்லா மோந்துக்க.

ஆபீசுல எப்படியோ எம்மவ பேரப் போட்டுட்டாங்க. ஊடு ஊடாப் போயி நான் சக்கரை குடுத்துட்டு வந்தேன். சுசித்ரா ஊட்டுக்கும் போனேன், அவளும் வாங்கி வாயில போட்டுக்கிட்டா. மறு வாரமே மெட்ராஸ் கோர்ட்டுல இருந்து நோட்டீசு. நெசத்துல நாந்தான் மூத்தவ, வேலை எனக்குத்தான்னு போட்டுட்டா. சக்கரையத் தின்னுட்டு கேசு போட்டியேடின்னு கேட்டேன். சக்கரை சக்கரை, கேசு கேசுங்கறா. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. மேல இருக்கற கோர்ட்டு, நீங்க நாமக்கல்லுல போயி யாரு மூத்தவன்னு சாட்சி வெச்சுத் தீத்துட்டு வாங்க, அது வரைக்கும் யாருக்கும் வேலை இல்லன்னுருச்சு.

அன்னையில இருந்து ஊருக்குள்ள கூத்துதான் போ. முன்னாடி சுகுணா, சுசித்ரான்னு பேரு சொல்லிக் கூப்புட்டுக்கிட்டவளுங்க, இப்ப ஒருத்திய ஒருத்தி தங்கச்சிங்கறாளுங்க. கொழாயடியில பாக்கணும் நீ. என்ன தங்கச்சி, தண்ணி வருதா? வருது தங்கச்சி, வா தங்கச்சி, கொடத்த வையி தங்கச்சி. பல்லக் கடிச்சுக்கிட்டு அத்தன பாசம்!

சிரிக்கறதுக்குச் சரி, பள்ளிக்கூடத்து நெலமதான் பாவம். கீழ இருந்து ஒரே ஒரு வாத்தியாரு வர்றாரு. நல்ல மனுசன், ஆனா ஒத்த ஆளு. அவரு மீட்டிங்குன்னு போயிட்டா சத்துணவு ஆயாதான் புள்ளைங்களப் பாக்குது. அது என்ன பாடஞ் சொல்லித் தரும்? பருப்பு வேவறத வேடிக்க காட்டும். எம் பேரன் அங்கதான் படிக்கறான். அவனுக்கு முட்டைய உரிக்கறது நல்லா வருது, வாய்ப்பாடு வரல.

சாட்சியா? போன வாய்தாவுக்கு சுசித்ரா அப்பன் குழந்தைசாமி கூண்டுல ஏறுனாரு. உம்மவ எப்ப பொறந்தான்னு கேட்டாங்க. பலா பழுத்தப்பங்கன்னாரு. எந்த வருசம்னாரு ஜட்ஜையா. எல்லா வருசமும் பழுக்குமுங்களேன்னுட்டாரு! கோர்ட்டே சிரிச்சுது. அப்புறம் அடுத்த ஊட்டுப் புள்ள எப்ப பொறந்துச்சுன்னா, அது எனக்கெப்படிங்க தெரியும், பொம்பளைங்க சமாச்சாரம்னு எறங்கி வந்துட்டாரு. சுசித்ரா தலையில கைய வெச்சுட்டு உக்காந்துட்டா. அவ அம்மா மாதம்மா உசுரோட இருந்திருந்தா இந்த வம்பே இல்ல. அவ போயி வருசம் ரெண்டாவுது.

இன்னைக்கு எங்க பக்கத்துச் சாட்சி. நாந்தான். எங்க வக்கீலு அர்த்தனாரி சொல்லிட்டாரு, அம்மா, இனி உங்க ஒரு வாய்ச்சொல்லுதான், அது நின்னுருச்சுன்னா வேலை உங்க பொண்ணுக்குன்னு.

எனக்கு ஆசையில்லாமயா கண்ணு? எம்மவ இப்ப கீழ ஒரு பிரைவேட் பள்ளிக்கூடத்துக்குப் போறா. தெனமும் இதே வளைவு, எறங்கறப்ப ஒருக்கா ஏர்றப்ப ஒருக்கா. மலையில பொறந்தவதான், ஆனா அவளுக்கு இந்த ரோடு ஒத்துக்கவே ஒத்துக்காது. வாடி வதங்கி வந்து சோறு வேண்டாம்னு படுத்துக்குவா. பாக்கறப்ப எனக்கு வயிறு எரியும். இந்த வேலை கெடச்சா ஊட்டுல இருந்து நடந்து போயிட்டு நடந்து வரலாம். அவ படிச்ச அதே பள்ளிக்கூடம். அதுக்காவ அவ எத்தன பாடு பட்டான்னு எனக்குத் தெரியும்.

ஐயையோ, இரு இரு. அங்க பாரு, சேலத் தலப்ப வாயில வெச்சுட்டா. அவளுக்குன்னு எடுத்தாந்த பழத்தையில்ல உங்கிட்டக் குடுத்துட்டேன்! வேண்டாம் வேண்டாம், நீ வெச்சுக்க. உன்னப் பாத்தாலும் பயமாத்தான் இருக்குது. நான் எந்திரிச்சுப் போனா இந்த வளைவுல உருண்டுதான் போவேன்.

அட! பாத்தியா? சுசித்ரா பைக்குள்ள கைய உட்டு பழம் எடுத்து நீட்டறா. காதுல உழுந்துச்சா என்ன சொன்னான்னு? இந்தா தங்கச்சிங்கறா! அந்த நேரத்துலயும் நக்கலு. இவளும் மொறச்சுக்கிட்டே வாங்கிட்டா, பாரு. நல்லதாப் போச்சு. எல்லைக்கல்லும் சாஞ்சு போச்சு, பை கீழ கெடக்குது.

சுசித்ரா கெட்ட புள்ள இல்ல கண்ணு. அவ அம்மா மாதிரி வாயி. மாதம்மாளுக்கும் எனக்கும் வருசா வருசம் சண்டை நடக்கும். ஒரு பலா மரம், அடி எங்க பக்கம், கெளை அவுங்க பக்கம். பழுக்க ஆரம்பிச்சா நாங்களும் ஆரம்பிச்சுருவோம். அவ வாய் இருக்குதே, எம் மாமியா, எம் மாமியாளோட மாமியா, எங்க ஊட்டு நாயி, ஒண்ணையும் உட மாட்டா. ஊரே வேலைய உட்டுட்டு வந்து நிக்கும். சாயங்காலம் பாத்தா அந்தப் பழத்தையே அறுத்து வட்டல்ல சொளை குடுத்து உடுவா. அவ போனதுல இருந்து அந்த மரத்துப் பழம் எனக்கு எறங்க மாட்டேங்குது.

அப்பாடா, காரவள்ளி வந்தாச்சு. இனி நேர் ரோடுதான். மூச்ச நல்லா இழுத்து உடு. இப்ப வாயத் தொறக்கலாம். தண்ணி குடி, கொஞ்சமாக் குடி.

என்ன கேட்ட? நான் கூண்டுல என்ன சொல்லப் போறேன்னா? ஒரே வரிதான். வக்கீலு மனப்பாடம் பண்ண வெச்சுட்டாரு. பலாப் பிஞ்சு உட்டப்ப எம்மவ பொறந்தா, பழம் பழுத்தப்ப சுசித்ரா பொறந்தா. அதுக்கு மேல ஒரு வார்த்த வேண்டாம்னுட்டாரு. அவரச் சொல்லித் தப்பில்ல, எங்க ஊட்டுக்காரரு சின்னான் சொன்னத அவரு எழுதிக்கிட்டாரு. எங்க ஊட்டுக்காரரு மவ பொறந்தப்ப ஊருலயே இல்ல, காப்பித் தோட்டத்து வேலைக்குப் போயிருந்தாரு. வந்து பாத்தப்ப அவரு கண்ணுக்குப் புள்ள பெருசாத் தெரிஞ்சுது போல.

நெசமா எப்பவா? நீயும் வக்கீலாட்டக் கேக்கற.

சாமை அறுப்புல கண்ணு. பலாவெல்லாம் முடிஞ்சு போயி, சாமை அறுத்துக்கிட்டு இருந்தப்ப பொறந்தா எம்மவ. எனக்குப் பாலே வரல. சொட்டு வரல. புள்ள கத்திக் கத்தித் தொண்ட கட்டிப்போச்சு. எம் மாமியா காதுல உழுந்தா, பாலு இல்லாதவள எந்தலையில கட்டிட்டாங்கன்னு ஊரக் கூட்டிரும். அப்ப மாதம்மா மடியில சுசித்ரா. தலை நின்னுருச்சு அதுக்கு, ஆளப் பாத்துச் சிரிக்குது. எம் புள்ளைக்கு அப்பக் கழுத்தே நிக்கல, பச்ச மண்ணு. மாதம்மா எங்கிட்ட ஒண்ணும் கேக்கல. காட்டு வேலைக்கு வர்ற சாக்குல தெனமும் மெளகுக் கொடி மறைவுல வந்து உக்காந்து, ரெண்டு பக்கமும் ரெண்டப் போட்டுக்குவா. எம் புள்ள முட்டி முட்டிக் குடிக்கும். நான் எதிர்ல உக்காந்து அழுவேன். எதுக்குடி அழுவற, உனக்கும் வேணுமாம்பா. அப்படியொரு வாயி.

அதுக்குப் பொறவு எத்தன சண்டை போட்டிருப்போம், சொன்னேனே. எங்க ஊட்டு நாயக்கூட இழுத்தவ, எம்பாலக் குடிச்சு வளந்த புள்ளதானடி உம் புள்ளன்னு ஒரு நாளு, ஒரே ஒரு நாளு சொல்லல. அவ புருசங்கிட்டயும் சொல்லல, மவகிட்டயும் சொல்லல. சொல்லியிருந்தா அன்னைக்கே குழந்தைசாமி கோர்ட்டுல சொல்லிருக்க மாட்டாரா? அவளோடயே போயிருச்சு. இப்ப அது எங்கிட்ட மட்டுந்தான் இருக்குது.

சுகுணாவுக்குத் தெரியாது. என்ன பண்ணுவா, கத்துவா. ரெண்டு மாசத்துக்கு எங்கையால சோறு வாங்க மாட்டா. வக்கீலு தலையில அடிச்சுக்குவாரு, எங்க ஊட்டுக்காரரு பீடியப் பத்த வெச்சுட்டு வெளிய போயிருவாரு. எம்மவளுக்கு மூளை இருக்குது, அடுத்த பரீட்சையில ஒரு மார்க்கு கூட எடுப்பா. மாதம்மா மவளுக்குச் சொல்லறதுக்குத்தான் வேற ஆளில்ல.

அழுவறியா என்ன? அட கிறுக்குப் புள்ள. நான் யாருகிட்டயும் இதச் சொன்னதே இல்ல கண்ணு. கூண்டுல ஏறுனா நாக்கு கொளறிருமோ, வக்கீலு சொன்ன வரி வந்துருமோன்னு பயந்துட்டே பஸ் ஏறுனேன். அதான் உங்கிட்ட ஒருக்கா சொல்லிப் பாத்தேன். கொளறல பாத்தியா? அங்கயும் இப்படியே வந்துரும்.

எந்திரி, ஸ்டாண்டு வந்துருச்சு. பழத்த நீயே வெச்சுக்க. அங்க பாரு, ரெண்டும் எறங்குதுங்க. எம்மவளுக்குக் கால் தள்ளாடுது, அவ கையப் பிடிச்சு எறக்கி உடறா. பாத்து தங்கச்சிங்கறா, கேட்டியா? நக்கலுக்குத்தான் சொல்றா. நெசந்தான்னு அவளுக்கே இன்னும் தெரியாது.