பிளாக்கில் நான் அடித்த எண்

எண்ணெய்க் கறை போகாத என் கையிலும் ஒலிவாங்கியைக் கொடுத்து அழகு பார்க்கும் பழைய கார் அன்பர் கழகத்தின் தலைவர் அவர்களே, ஏலத்தை நடத்தித் தர வந்திருக்கும் ஏலக்காரர் ஐயா அவர்களே, கியர் மாற்றுவதையே ஒரு கலையாகச் செய்து பார்த்த பெரியோர்களே, வீட்டுக்காரர் பாதி வாழ்நாளை வண்டிக்கு அடியில் படுத்தே கழித்தாலும் பொறுத்துக்கொண்ட தாய்மார்களே, முன்வரிசையில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கும் என் உடன்பிறந்த தங்கையே, உங்கள் அனைவருக்கும் இந்த மெக்கானிக்கின் பணிவான வணக்கம்.

"பத்து நிமிஷம் இந்த வண்டியோட அருமையைச் சொல்லுங்க, அப்புறம் ஏலத்த ஆரம்பிச்சிடலாம்" என்றார் தலைவர். மண்டபத்தின் நடுவே விளக்கொளியில் நனைந்து நிற்கிறதே, இருவர் மட்டும் அமரும் இந்தச் சாம்பல் நிற ஸ்போர்ட்ஸ் கார், இதன் மூச்சை முப்பது ஆண்டுகளாகக் காதால் கேட்டவன் நான். பல் மருத்துவராக இருந்த என் தங்கை வீட்டுக்காரரின் வண்டி இது. எனக்கு அவர் மாப்பிள்ளை, அவருக்கு நான் மச்சான். போன ஆண்டு அவர் நம்மை விட்டுப் போனார். இன்று இதை விற்று, தாயாரைப் போலப் பொறுமையும் தகப்பனைப் போலப் பல் வைத்தியமும் கைவந்த மகளுக்கு ஒரு சிகிச்சையறை அமைத்துத் தர வேண்டும் என்று நினைக்கிறாள் என் தங்கை.

எதனால் வருகிறது இந்த வண்டிகளுக்கு இத்தனை விலை? வயதாலா? வயதால் விலை வரும் என்றால் எனக்கல்லவா முதலில் வந்திருக்க வேண்டும். சிரிக்கிறீர்கள். என் வீட்டுக்காரியும் இப்படித்தான் சிரித்தாள்.

எத்தனை ஆண்டு என்பதல்ல, எந்த ஆண்டு என்பதே கேள்வி. இந்த மாடல் ஒன்பது ஆண்டுகள் வந்தது. முதல் ஐந்தாண்டும் சின்ன எஞ்சின். ஆறாம் ஆண்டில் பெரிய எஞ்சினை வைத்தார்கள். ஏழாம் ஆண்டு, புகையைக் குறைக்கிறோம் என்று அதன் மூச்சைக் கொஞ்சம் இறுக்கிவிட்டார்கள். ஆக, பெரிய எஞ்சினும் இறுக்காத மூச்சும் சேர்ந்திருந்தது அந்த ஒரே ஓர் ஆண்டு. அந்த ஆண்டில் பிறந்தது இது.

ஆண்டு போதுமா? எஞ்சின் போதுமா? போதாது. பிறந்தபோது இருந்தபடியே இருக்க வேண்டும். எங்கள் பட்டறைக்கு ஒரு வங்கி மேலாளர் வருவார். தன் வண்டியின் கீறல் விழுந்த பழைய பெயின்டைச் சுரண்டி எறிந்துவிட்டு, முகம் பார்க்கலாம் போல மின்னுகிற புது பெயின்ட் அடித்துக் கொண்டுவந்து நிறுத்தினார். விலை பாதியாக இறங்கிவிட்டது. "அழகாத்தானே இருக்கு?" என்றார். "அழகாத்தான் இருக்கு சார். வாங்கறவங்க அதுதானா இதுன்னு கேக்கறாங்க" என்றேன்.

அதுதானா இது. இந்த இரண்டு சொல்தான் என்னை இந்த மேடையில் நிறுத்தியிருக்கிறது.

எனக்கு ஒரு கனவு அடிக்கடி வரும். பனி விலகாத காலை. மலைப்பாதை. மாப்பிள்ளை ஓட்ட, நான் பக்கத்தில் இருக்கிறேன். மரங்கள் மிதந்து மிதந்து பின்னால் போகின்றன. வளைவுக்கு வளைவு வெயில் வந்து எங்கள் மடியில் விழுகிறது, விழுந்து வழுக்கிப் போகிறது. வண்டி போகிறது, ஆனால் சத்தமே இல்லை. "கேக்குதா மச்சான், என்ன அருமையா பாடுது பாருங்க" என்கிறார் அவர். நான் முன்னால் பார்க்கிறேன். பானட் திறந்திருக்கிறது. உள்ளே ஒன்றுமில்லை, வெறும் பள்ளம், அதில் கொஞ்சம் பனி. அவரோ தாளம் போட்டுக்கொண்டே ஓட்டுகிறார். இருபத்திரண்டு ஆண்டுகளாக வரும் கனவு இது.

ஏன் வருகிறது? சொல்கிறேன். ஏலக்காரர் ஐயா, கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், இதைக் கேட்காமல் நீங்கள் சுத்தியலைத் தூக்கக் கூடாது.

உங்கள் கையில் இருக்கும் ஏலப் புத்தகத்தில் மூன்றாம் பக்கம் என்ன சொல்கிறது? "பிறந்த எஞ்சினோடே இருக்கும் வண்டி, எண் சரிபார்க்கப்பட்டது" என்கிறது. சரிபார்த்தவர் நல்லவர், அவர் மேல் பிழையில்லை. எஞ்சினின் மேல் இருக்கும் எண்ணும் பதிவுப் புத்தகத்தில் இருக்கும் எண்ணும் ஒன்றுதான். ஆனால் அந்த எண்ணை அடித்தது தொழிற்சாலை அல்ல. இந்தக் கை.

அமைதியாக இருங்கள், முழுதும் சொல்லிவிடுகிறேன்.

இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், தண்ணீர் உறையும் இந்த ஊர்க் குளிர்காலம் ஒன்றில் மாப்பிள்ளை பத்து நாள் மாநாட்டுக்குப் போனார். வண்டி என் பட்டறையில் இருந்தது. ரேடியேட்டரைக் கழுவி, ஒழுகுகிறதா என்று பார்க்க வெறும் தண்ணீரை ஊற்றி வைத்தேன். மறுநாள் அதை இறக்கிவிட்டு, குளிரில் உறையாத கூலன்ட் ஊற்ற வேண்டும். தொழில் பழகும் முதல் வாரத்தில் கற்றுக்கொள்கிற பாடம். மறந்துவிட்டேன். வேறு காரணம் ஒன்றுமில்லை, மறந்துவிட்டேன். மூன்று நாள் உறைபனி. நான்காம் நாள் பார்த்தால், உள்ளே தண்ணீர் கல்லாகி, எஞ்சினின் இரும்பு உடலான பிளாக் பக்கவாட்டில் ஒரு சாண் நீளத்துக்கு வெடித்திருந்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம். "மாப்ளே, தப்பு பண்ணிட்டேன்" என்று மூன்றே சொல். வாய் வரவில்லை. தங்கையைக் கட்டிக்கொடுத்த இடத்தில் மரியாதை போய்விடுமே என்று பயந்தேன். உடைந்த வண்டிகள் கிடங்கில் தேடி, அதே அளவு பிளாக் ஒன்றைப் பிடித்தேன். ஏழாம் ஆண்டு வண்டியினுடையது. மேல்பாகம், கார்புரேட்டர், உள்ளே சுழல்வதெல்லாம் பழையதையே மாட்டினேன். அந்த பிளாக்கில் இருந்த எண்ணை அரத்தால் ராவி, எண் அச்சை வைத்து, சுத்தியலால் ஒவ்வொன்றாகப் பழைய எண்ணை அடித்தேன். ஆனால் பிளாக்கின் மறுபக்கம், ஸ்டார்ட்டர் மோட்டார் மறைக்கும் இடத்தில், அதை வார்த்த தேதி புடைத்து நிற்கிறது. அதை நான் தொடவில்லை. வண்டி வெளிவந்து ஏழு மாதம் கழித்து வார்த்த பிளாக் அது. நாளைக்கு யாராவது குனிந்து பார்த்தால் தெரியும்.

திரும்பி வந்தவர் ஒரு சுற்று ஓட்டினார். "என்ன மச்சான் பண்ணீங்க? எஞ்சினுக்கு வயசு கொறஞ்ச மாதிரி இருக்கு" என்றார். "ஆயில் மாத்தினேன்" என்றேன் நான்.

பின்னால் ஒருவர் கேட்கிறார், "இத்தனை வருஷம் சும்மா இருந்துட்டு இப்ப எதுக்குச் சொல்றீங்க?" நியாயமான கேள்வி. ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கப்புறம் வண்டிய வித்துடுங்க. எஞ்சின் நம்பர் மாறாம காப்பாத்திக் குடுத்தீங்க பாருங்க, அதுல என் பொண்ணுக்கு ஒரு வழி பிறக்கும்" என்றார். நன்றி சொன்னார் எனக்கு. சொல்லிவிட வாயைத் திறந்தேன். மருந்து கொடுக்க நர்ஸ் வந்தார். அவர் போனதும் மாப்பிள்ளை தூங்கிவிட்டார். எழுப்பியிருக்கலாம், எழுப்பவில்லை. அந்த வெட்கம் என்னைத் தின்கிறது.

அவரிடம்தான் சொல்லவில்லை. இன்று இதை வாங்கி ஆசையாக வீட்டுக்குக் கொண்டுபோகப் போகிறாரே, உங்களில் ஒருவர், அவரையுமா ஏமாற்றுவேன்? என் தங்கையின் பெயரிலா ஏமாற்றுவேன்? வெடித்த அந்தப் பழைய பிளாக்கை நான் எறியவில்லை. தொழிற்சாலை அடித்த உண்மையான எண்ணோடு வாசலில் என் வேனில் இருக்கிறது. வாங்குபவருக்கு அதுவும் சேரும். ஒட்ட முடியுமா என்கிறீர்களா? கை தேர்ந்தவர்கள் ஒட்டுவார்கள். ஆனாலும் விலை இறங்கும். நன்றாகவே இறங்கும். அந்த இழப்பு என் தங்கைக்கும் மருமகளுக்கும். காலையிலேயே தங்கையிடம் தனியாகச் சொல்லியிருக்க வேண்டும். அவள் வீட்டு வாசல் வரை போய்த் திரும்பி வந்தேன். ஊர் முன்னால் நிறுத்தினால்தான் என் வாய் திறக்கும் போலிருக்கிறது. தங்கச்சி, என்னை மன்னித்துவிடு.

எழுந்து நிற்கிறாள். மைக்கை அவளிடம் கொடுங்கள் ஐயா. வேண்டாமாம்.

பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "அண்ணா, மூணாம் பக்கத்த அடிச்சிட்டு நீ சொன்னத எழுதச் சொல்லு. அப்புறம் கீழ எறங்கி வந்து வண்டிய ஸ்டார்ட் பண்ணு. எத வாங்கறோம்னு காதால கேட்டுட்டு வாங்கட்டும். உன்கிட்ட நான் வீட்டுக்குப் போய்ப் பேசிக்கிறேன்."

கேட்டீர்களா? நான் இருபத்திரண்டு ஆண்டுகள் சொல்லத் தவித்ததற்கு அவள் உட்கார்ந்து யோசிக்கக்கூட இல்லை. இந்த மண்டபத்தில் மாற்றுப் பாகம் போடாத ஒன்று உண்டென்றால், அது முன்வரிசையில் நிற்கிறது.

பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும், கேட்ட பிறகும் என்னைக் கீழே இறக்கிவிடாத தலைவர் அவர்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. கதவுகளை நன்றாகத் திறந்து வையுங்கள், புகை வெளியே போகட்டும். சாவியை நீட்டிக்கொண்டு நிற்கிறாள், நான் போகிறேன். வணக்கம்.