மா ஆலைக்காரரின் மனைவி

ஹம் நகருக்குப் போகும் ரயிலில் எனக்கு முன்னால் ஒரு மரக்கறிக்கடைக்காரரும் மனைவியும் இருந்தார்கள். அவர்தான் கதையைத் தொடங்கினார்.

“நூற்றைம்பது வருசத்துக்கு முந்தி அமெரிக்காவில மா ஆலை வைச்சிருந்த ஒருத்தன் சட்டசபைக்கே போயிருக்கிறான். நான் நகரசபைக்கு நிண்டால் என்ன?”

“அவன் போனாப்பிறகு ஆலையை ஆர் பாத்தது?”

“அதை ஒருத்தரும் எழுதேல்லை.”

“அப்ப மனிசிதான் பாத்திருப்பா. விடியச் சந்தைக்குப் போறதும் நான், பெட்டி இறக்கிறதும் நான். நீங்கள் வாசல்ல நிண்டு சனத்தோட கதைக்கிறீங்கள்.”

“அதுதானப்பா அரசியல்.”

“அப்ப நான் நிக்கிறன். நீங்கள் கடையைப் பாருங்கோ.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நானும் எங்கள் சங்கத்தின் தலைவர் பதவிக்கு நிற்கப்போவதை வீட்டில் சொல்லத்தான் போய்க்கொண்டிருந்தேன். இறங்கியதும் மனைவிக்கு ஃபோன் எடுத்து, பாத்திரங்களை அப்படியே விடும், நான் வந்து கழுவுகிறேன் என்றேன்.