மெதுவானது சுவரைத் தாண்டும்

வைஃபை ரவுட்டர் வாங்கப் போனா எல்லாரும் முதல்ல மேல நீட்டிக்கிட்டிருக்கிற கொம்பைத்தான் எண்ணுவாங்க. கொம்பு அதிகமா இருந்தா நல்லா எடுக்கும்னு ஒரு நினைப்பு. அப்படியெல்லாம் இல்ல தம்பி. என்ன மாட்டுச் சந்தையா, கொம்பைப் பாத்து வாங்குறதுக்கு?

நீங்களே டைப் பண்ணிக் குடுங்கம்மான்னு சொன்னீங்க. பேசுற மாதிரிதான் அடிக்க வரும், பரவாயில்லையா?

எங்க ஆபீஸ் சின்னது. வீட்டோட முன்பக்கத்துல ரெண்டு மேசை, மூணு கம்ப்யூட்டர், பெரிய தாள் ஓடுற பிரிண்டர் ஒண்ணு. வீடு கட்டுறவங்களுக்கு வரைபடம் போட்டுக் குடுக்கிறோம். நானும் என் ஓரகத்தியும் சேந்து ஆரம்பிச்சது. என் வீட்டுக்காரரோட அண்ணன் பொண்டாட்டி. அக்கான்னு கூப்பிடுவேன். எங்க ரெண்டு பேர் வீட்டுக்காரங்களும் போய்ச் சேர்ந்துட்டாங்க. அப்புறம் அக்காவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துடுச்சு. பின் ரூம்லயே படுக்கை. குரல் சன்னமாயிடுச்சு. நாக்கு மட்டும் பழைய நாக்குதான்.

திடீர்னு அவங்களுக்குச் சளி அடைச்சுக்கும். தானாத் திரும்ப முடியாது. யாராவது ஓடிப்போய் ஒருக்களிச்சுப் படுக்க வச்சு முதுகைத் தட்டணும். இல்லேன்னா மூச்சு நின்னுடும்னு டாக்டர் தெளிவாச் சொல்லியிருந்தார். அதுக்குன்னு அக்கா பையன் வெளியூர்ல இருந்து ஒரு மணி வாங்கி அனுப்பினான். வாட்ச் மாதிரி இடது கையில கட்டிக்கிறது. வலது கையால அமுக்கினா நெட் வழியா வந்து முன்னாடி ஆபீஸ்ல என் போன்ல அடிக்கும்.

ஆனா அக்கா சளிக்கு மட்டும் அடிக்கல. கோடு போட்டுட்டு இருப்பேன், மணி அடிக்கும். ஓடுவேன்.

"என்னடி வரையறே?"

"மாடிப்படிக்கா. அந்த மூலை வீட்டுக்கு."

"ஏறினா தலை இடிக்குமே. யாருக்குடி கட்டறே, குள்ளங்களுக்கா?"

திரும்பி வந்து அளந்து பாத்தா இடிக்கத்தான் செய்யும். அதுதான் கஷ்டம். பாக்காமலே சொல்லுவாங்க.

வர்றவங்க போறவங்க முன்னாடி ஒரு பேச்சு வச்சிருந்தாங்க. "இவளுக்கு எதையுமே தேர்ந்தெடுக்கத் தெரியாது. செருப்புல ஆரம்பிச்சுப் புருஷன் வரைக்கும்." எல்லாரும் சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன். அந்த வரனைக் கொண்டு வந்ததே அக்காதான், அது யாருக்கும் ஞாபகம் வராது. கோபமெல்லாம் இல்ல தம்பி. அவங்களுக்குக் குளிப்பாட்டி, ஊட்டி, துணி மாத்தினதெல்லாம் இந்தக் கைதான். வேலை கெட்டுப்போகுதேன்னுதான் இருந்துச்சு.

பழைய ரவுட்டர் அடிக்கடி படுத்துக்க ஆரம்பிச்சுது. புதுசு வாங்கணும்னு ஆச்சு. "நீயா வாங்கப்போறே? பையனைக் கேளு"ன்னாங்க அக்கா. கேக்கல. நானே உக்காந்து படிச்சேன். வீட்டு வரைபடத்தை எடுத்து வச்சுக்கிட்டு எந்தச் சுவர் எவ்வளவு கனம்னு பாத்தேன். அந்த வீட்டுச் சுவரெல்லாம் எனக்குத் தெரியும், நான் அளந்தது. ஆபீசுக்கும் பின் ரூமுக்கும் நடுவுல இருக்கிறது பழைய கட்டடத்தோட வெளிச்சுவர். கெட்டிச் சுவர். மணி வந்த டப்பாவையும் எடுத்து, கண்ணாடி போட்டுக்கிட்டு, பொடி எழுத்தெல்லாம் படிச்சேன்.

மாட்டிக் குடுக்க கடையில இருந்து ஒரு பொண்ணு வந்துச்சு. நல்ல பொண்ணு. பொறுமையா விளக்கிச்சு.

"இதுல ரெண்டு விதமா சிக்னல் வரும்மா. ஒண்ணு வேகமானது, ஆனா கெட்டிச் சுவர்னா தாண்டாது. இன்னொண்ணு மெதுவானது. அது தாண்டிப் போயிடும். ரெண்டையும் போட்டு வைக்கட்டுமா?"

"மெதுவானதை நிறுத்திடும்மா. கம்ப்யூட்டரெல்லாம் அதுலயே போய் ஒட்டிக்குது, வேலை ஓடமாட்டேங்குது."

"நிறுத்தலாம். மெதுவானதை மட்டுமே எடுக்கிற பழைய சாமான் ஏதாவது வீட்ல இருக்காம்மா? இருந்தா அது செத்துடும்."

"இல்லம்மா"ன்னேன். "பழசு ஒண்ணும் இல்ல."

அது ஓடியாடி வேலையை முடிச்சுட்டுப் போயிடுச்சு. அது மேல ஒரு தப்பும் இல்ல, அதைக் கூப்பிட்டு மிரட்டாதீங்க.

அப்புறம் நான் பின் ரூமுக்குப் போய் அக்கா கையில இருந்த மணியை அமுக்கிப் பாத்தேன். முன்னாடி போன் அடிக்கல. "கேக்குதாடி?"ன்னாங்க. "நல்லாக் கேக்குதுக்கா"ன்னேன். "இதையாவது ஒழுங்கா வாங்கினியா?"ன்னாங்க. "ஆமாக்கா."

கொஞ்ச நாள் ஒண்ணும் ஆகல. அடிச்சேனே, காது செவிடான்னு திட்டுவாங்க. கையில வேலைக்கா, இதோ வந்துட்டேன்ல, அப்படிம்பேன். நேரத்துக்கு ஒரு எட்டு போய்ப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். ஆபீஸ் அமைதியா இருந்துச்சு. கோடெல்லாம் நேரா விழுந்துச்சு.

அன்னிக்கு மத்தியானம் பெரிய வரைபடம் ஒண்ணு அனுப்பிட்டிருந்தேன். கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள போயிடுச்சு, அவ்வளவு வேகம். போன் பக்கத்துலதான் இருந்துச்சு, சத்தமே இல்ல. பின்னாடி இருந்து ஒரு இருமல் வந்துச்சு. அப்புறம் இன்னொண்ணு. ரொம்பச் சன்னமா. மெதுவானது சுவரைத் தாண்டும்னு அந்தப் பொண்ணு சொன்னது சரிதான்னு நினைச்சுக்கிட்டேன். எந்திரிக்கல. மணி அடிக்கலையே, எதுக்குப் போகணும்? அடுத்த வரைபடத்தையும் அனுப்பிட்டு, மேசையைத் துடைச்சு வச்சுட்டுத்தான் போனேன். அக்காவோட வலது கைக் கட்டைவிரல் மணி மேலயே இருந்துச்சு. நான்தான் எடுத்து விட்டேன்.

இதை யாரும் கண்டுபிடிக்கல தம்பி, நீங்களும்தான். புது ரவுட்டர்ல மணி அடிக்காதுன்னு மட்டும்தான் எல்லாருக்கும் தெரிஞ்சுது. அக்கா பையன் வந்து என்னைக் கட்டிப் பிடிச்சு அழுதான். "விடுங்க சித்தி, உங்களுக்கு இதெல்லாம் என்ன தெரியும், தெரியாம வாங்கிட்டீங்க"ன்னான். வந்த சொந்தக்காரங்க எல்லாரும் அதையேதான் சொன்னாங்க. பாவம், அவளுக்கு என்னைக்குத் தேர்ந்தெடுக்கத் தெரிஞ்சுதுன்னு மூலையில நின்னு பேசிக்கிட்டாங்க. பொறுத்துக்கிட்டேன். ஆனா நீங்க நேத்து கேஸை முடிக்கிறதுக்கு எழுதினதைப் படிச்சுக் காட்டினீங்க பாருங்க, அதுல 'அறியாமையால்'னு ஒரு வார்த்தை வந்துச்சு. ராத்திரி பூரா அதுதான் உறுத்துச்சு. அதுக்குத்தான் காலையில நானே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

அந்த வார்த்தையை எடுத்துடுங்க. அறியாமை இல்ல. கடையில இருந்ததை எல்லாம் பாத்து, மணி மெதுவானதை மட்டும்தான் எடுக்கும்னு டப்பாவுல படிச்சு, சுவரை அளந்து, எது வேணும் எது வேண்டாம்னு யோசிச்சு வாங்கினது. என் ஆயுசுல இவ்வளவு சரியா நான் எதையும் தேர்ந்தெடுத்ததில்ல.

அக்கா மட்டும் இப்ப இருந்திருந்தா, இந்தத் தடவை ஒத்துக்கிட்டிருப்பாங்க.